முப்பதாம் நோன்புப் பழம்

என் கணவர் ஹமீது சுல்தான் கீழக்கரையில் வாழைப்பழ வியாபாரம் பார்த்தார். அவருக்கு வாழ்க்கைப்பட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் நான் ஒரு நல்ல வாழைப்பழம் தின்றதில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கஞ்சர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் அவசரப்பட்டு அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். வாசலில் யார் வந்து கை நீட்டினாலும் இருப்பதைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். அவரிடம் இருந்தது கொள்கை. எது முதலில் கெட்டுப்போகுமோ அது முதலில் செலவாக வேண்டும் என்பது கொள்கை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கொள்கையோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் அதன் சுகம் தெரியும்.

எங்கள் பூமியில் வாழை விளையாது. மதுரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தார்கள் ரயிலில் ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து மலையாண்டியின் மாட்டு வண்டியில் கீழக்கரைக்கு வரும். வருகிற வழியிலேயே பாதி உரசிக்கொள்ளும். பழுத்த பிறகு என் கணவர் சீப்பு சீப்பாக அறுத்து மூன்றாகப் பிரிப்பார். மாசு மரு இல்லாதது பெரிய வீடுகளுக்கும் கல்யாணங்களுக்கும். தோல் உரசியது டீக்கடைகளுக்கு. கறுத்தது, கன்றியது, காம்பு விட்டுப்போனது எங்கள் வீட்டுக்கு. அதை நாங்கள் தின்று முடிப்பதற்குள் டீக்கடையில் விற்காதது கறுத்துத் திரும்பி வரும். அதைத் தின்று முடிப்பதற்குள் பெரிய வீட்டுச் சரக்கில் மீந்தது கறுத்து வரும். இதற்கு ஒரு முடிவே கிடையாது.

நல்லதை இன்றைக்குத் தின்றால் கறுத்தது வீணாகப் போகும், கறுத்ததை இன்றைக்குத் தின்றால் நல்லது நாளைக்கு இருக்கும் என்பார். நாளைக்கு இருக்கும்தான். கறுத்துப் போய் இருக்கும்.

வேறு வழியில்லாமல் நான் கறுத்த பழத்தில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்து பார்த்தேன். பழப் பணியாரம், பழ அப்பம், தேங்காய்ப் பால் விட்டுக் கிண்டிய கிண்டல். உம்மு ஹபீபா கைப் பணியாரம் மாதிரி ஊரில் வராது என்று எனக்கு ஒரு பெயர். பெண்கள் பக்குவம் கேட்டு வருவார்கள். நல்ல பழத்தில் செய்தால் இந்த ருசி வராது என்று உண்மையைச் சொல்வேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

பழத்தோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். மனுஷர்கள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், சீனி முகம்மது ஊரில் யாரோடும் ஒத்துப்போகாதவர். யாரோடாவது மல்லுக்கு நின்றுவிட்டு வருவார், இவர் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்வார். மாமி ஒருத்தர் படுக்கையில் கிடந்தார், அவருக்குக் கஞ்சி ஊட்ட இவர். கடன்காரன் துரத்துகிற கூட்டாளி, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போன அடுத்த கடைக்காரர், எல்லோருக்கும் இவர்தான் ஆள். யார் கெட்டுப்போகிற நிலைமையில் இருக்கிறார்களோ அவர்களுக்கு முதலிடம். நான் சுகமாக இருந்தேன், சண்டை போடவில்லை, படுக்கவில்லை. ஆக, நான் நல்ல சரக்கு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிய அளவுக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசியதில்லை. அதற்கும் உட்கார வேண்டுமே.

நோன்பு மாதம் வந்தால் ஆளைக் கண்ணிலேயே காண முடியாது. நோன்பு திறக்கப் பள்ளிவாசலுக்குப் பழம் போக வேண்டும், வீடுகளுக்குப் போக வேண்டும், கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது அவர் கடையில்தான் இருப்பார். நான் கஞ்சியை எடுத்து வைத்துக்கொண்டு முற்றத்தில் தனியாக நோன்பு திறப்பேன். பன்னிரண்டு ரமலானிலும் ஒரு நாள்கூட அவர் வீட்டில் நோன்பு திறந்ததில்லை. கேட்டால், "பெருநாள் முடியட்டும் புள்ள" என்பார். பெருநாள் முடிந்தால் நோன்பு ஏது?

நான் சொல்ல வந்தது தனுஷ்கோடிப் புயலுக்கு மறு வருஷம் வந்த நோன்பைப் பற்றி. பெருநாள் தை மாதத்தில் வந்தது.

பெருநாள் காலையில் தொழப் போகுமுன் இனிப்பாக ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பேரீச்சம்பழம் கப்பல்காரர் வீடுகளில் இருக்கும். மற்ற வீடுகளில் வாழைப்பழம்தான். ஆகவே ஊருக்கு வேண்டிய பழம் முழுவதும் ஒரே காலையில் பழுத்து நிற்க வேண்டும். அந்தக் காலை எது என்பதுதான் தொந்தரவு. இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. வாழைக்காய்க்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. மூட்டம் போட்டுவிட்டால் அது பாட்டுக்குப் பழுக்கும்.

மூட்டம் என்பது வேறொன்றுமில்லை. காய்த்தார்களை ஒரு அறையில் அடுக்கி, வாழைச் சருகால் மூடி, மூலையில் ஒரு பானையில் வைக்கோலைப் புகைய விட்டு, கதவிடுக்கில் களிமண்ணைப் பூசிவிடுவார்கள். எங்கள் வீட்டின் உள்ளறையில்தான் அது நடக்கும். எங்கள் வீடு என்று சொன்னது மரியாதைக்கு. உண்மையில் அது என் வீடு. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்கு. என் வாப்பா எனக்கு எழுதிக் கொடுத்த வீட்டுக்கு இவர் ஒரு தகரப் பெட்டியோடும் சீப்பு அறுக்கிற கத்தியோடும் வந்து சேர்ந்தார். என் வாப்பா அரிசி மூட்டைகளுக்காகக் கட்டிய அறையில் பன்னிரண்டு வருஷமாகப் புகை போட்டு, சுவரெல்லாம் அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது.

வழக்கமாக அவர் பிறையை நம்ப மாட்டார். பாதிக் காயை இருபத்தொன்பதுக்கு என்று அறையிலும், மீதியை ஒரு நாள் தள்ளி முப்பதுக்கு என்று கொல்லைக் குழியிலும் மூட்டம் போடுவார். எந்த நாள் பெருநாள் வந்தாலும் பாதிப் பேருக்கு நல்ல பழம், பாதிப் பேருக்குச் சுமாரான பழம். யாரும் கையை நீட்டித் திட்ட முடியாது. அந்த வருஷம் அவருக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. நோன்புக்கு முந்தின ஷஃபான் மாதத்தில் பிறை தெரியாமல் முப்பது நாளும் பூர்த்தியாகியிருந்தது. அதற்கு முந்தின மாதமும் அப்படியே. மூன்று மாதம் அடுத்தடுத்து முப்பது வராது, ரமலான் இருபத்தொன்பதுதான் என்று முடிவு கட்டினார். ரேடியோ வைத்திருக்கிற வாவு முகம்மது ஹாஜியாரும் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஹாஜியாருக்கு அன்றைக்குக் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்கிற மனநிலை இருந்திருக்க வேண்டும். குழியைத் தொடவில்லை. எல்லாக் காயும் அறைக்குள் போயிற்று.

மலையாண்டியும் தன் பங்குக்கு ஒன்று சொன்னான். சேதுக்கரையில் தை அமாவாசைக் குளியல் நேற்றுத்தான் முடிந்தது, ஆகவே இன்றைக்குப் பிறை தெரியாமல் எங்கே போய்விடும் என்று. இப்படி இரண்டு மார்க்கத்து நியாயமும் அவருக்குச் சாதகமாக இருந்தது.

மேகம் ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை. இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் மேற்கே அடுப்புச் சாம்பலைக் கொட்டியது போல மூடிக்கொண்டது. ஆண்கள் கடற்கரையில் நின்றார்கள், பெண்கள் நாங்கள் மொட்டை மாடிகளில் நின்றோம். பக்கத்து ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். ஹாஜியாரின் ரேடியோ கரகரவென்றதே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பள்ளியில் பெருநாளைச் சொல்கிற நகரா முரசு அடிக்கவில்லை. ராத்திரி இஷாவுக்குப் பிறகு, நோன்பு மாதத்தில் மட்டும் தொழுகிற தராவீஹ் தொழுகை தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு அரிசியைக் கழுவி வைத்தேன். என் கணவர் தொழுதுவிட்டு வந்து, உள்ளறைக் கதவில் காதை வைத்துக் கேட்டார். பழம் பழுப்பது காதில் கேட்குமா என்று நான் கேட்கவில்லை.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து களிமண்ணைச் சுரண்டிக் கதவைத் திறந்தார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாசனை முற்றத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. அறை முழுவதும் மஞ்சள். காம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை. அவர் சருகை விலக்கி விலக்கிப் பார்த்தார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அந்தத் தடவை தோட்டக்காரர் பார்த்து வெட்டினாரோ, மலையாண்டி மெதுவாக வண்டி ஓட்டினானோ, ஒரு தாரில்கூடப் பழுது இல்லை. பிரித்துப் போட வேண்டிய வேலையே இல்லை. எங்கள் வீட்டுக்கு என்று ஒதுக்க அதில் ஒரு பழம்கூட இல்லை.

எல்லாம் அன்றைக்குத் தின்ன வேண்டிய பழம். ஊரில் வாயுள்ள அத்தனை பேரும் அன்றைக்கு நோன்பு. மஃரிபுக்கு ஆளுக்கு ஒரு பழம் போனாலும் பாதிகூடத் தீராது.

மறுநாள் காலைக்குள் அத்தனையிலும் புள்ளி விழுந்துவிடும். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த பெருநாள் பழம் அது. புள்ளி விழுந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அவர் அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு எழுந்தார். திருப்புல்லாணியில் அன்றைக்குச் சந்தை. அமாவாசைக்கு வந்த வெளியூர்ச் சனமும் இன்னும் கலைந்திருக்காது. மத்தியானம் வண்டியைக் கட்டினால் சாயங்காலச் சந்தையில் எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். ராத்திரி ராமநாதபுரம் போய் மண்டிகளில் கெஞ்சிக் கூத்தாடி, கிடைக்கிற பழத்தை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். நல்ல யோசனை. நான்கூட மனசுக்குள் பாராட்டினேன்.

அப்புறம் நான் கேட்டேன். சந்தைக்கென்று கிளம்பியதால் இன்றைக்கு ஒரு நாள் கடையும் இல்லை, பள்ளிக்குப் பழமும் போகப்போவதில்லை, கடைசி நோன்பு, இதையாவது வீட்டில் வந்து திறக்கலாமே, இந்தப் பழத்தில் இரண்டை வைத்துக்கொண்டு உட்காரலாமே என்று கேட்டேன். நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை.

அவர் தாரைத் தூக்கிக்கொண்டே பதில் சொன்னார். நமக்குத்தான் போன சரக்கில் கறுத்தது ஒரு கூடை இருக்கிறதே என்றார். அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

"பழம் காத்திருக்காது புள்ள. நீ காத்திருப்பே."

கோபத்தில் சொல்லவில்லை. மரியாதையாகச் சொன்னார். என்னைப் பாராட்டுகிறோம் என்றே நினைத்திருப்பார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அவர் தூக்கிய தாரை முற்றத்தில் வைத்துவிட்டு மலையாண்டியைக் கூப்பிடக் கொல்லை வாசலுக்குப் போனார். நான் அந்தத் தாரை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தேன். அறைக் கதவைச் சாத்தினேன். வாப்பா காலத்துப் பித்தளைப் பூட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தவருக்கு முதலில் விளங்கவில்லை. பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார். தொலையவில்லை, இருக்கிறது என்றேன். மஃரிபுக்கு நீங்கள் இந்த வீட்டில் உட்கார்ந்து நோன்பு திறக்க வேண்டும், அதுவரைக்கும் இது என் வீட்டு அறை என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. சொன்னதும் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவர் சிரித்தார். ஒரு சீப்பு என்ன, ஒரு தாரையே எடுத்து வைத்துக்கொள் என்றார். தார் வேண்டாம், ஆள் வேண்டும் என்றேன். ராத்திரி வந்துவிடுகிறேன் என்றார். ராத்திரி யாரும் நோன்பு திறப்பதில்லை என்றேன். பெருநாளைக்கு நாள் பூராவும் வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். ஒவ்வொரு பெருநாளும் அவர் எங்கே இருந்தார் என்பதை வரிசையாகச் சொன்னேன். காக்கா வீட்டில், மாமி படுக்கை ஓரத்தில், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு கூட்டாளிக்காக. அதோடு அவர் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

வெயில் ஏறியது. மலையாண்டி கொல்லை வாசலில் வண்டியை நிறுத்தி, மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாய் வரவில்லையென்றால் தான் மட்டும் சந்தைக்குப் போய்வருவதாக வாசலில் இருந்தே சொன்னான். அவனுக்கும் சாவி வேண்டும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

எப்படியோ சேதி போய்விட்டது. சீனி முகம்மது காக்கா வந்தார். தன் ஆயுளில் அவர் சமாதானம் பேச வந்தது அந்த ஒரு தடவைதான். தெருக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பெண்பிள்ளைக்குப் பொறுமை அழகு என்று தொடங்கினார். காக்காவுக்கு அந்த அழகு ஏன் வாய்க்கவில்லை என்று கேட்டேன். அவர் என் கணவரோடும் கோபித்துக்கொண்டு போனார்.

என் கணவர் உள்ளறைக்கு எதிரே, முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கதவிடுக்கிலிருந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. சோறும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு பேரும் அந்த வாசனையில் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு மூக்கே போதும். இப்போது காம்புப் பச்சை போயிருக்கும் என்றார். கொஞ்சம் கழித்து, இப்போது தோல் மெலிந்திருக்கும் என்றார். யாரோ சாகக் கிடக்கிறவர்களைப் பற்றிச் சேதி சொல்வது மாதிரி அடுத்தடுத்துச் சொன்னார். என் கை இரண்டு தடவை இடுப்புச் சாவிக்குப் போனது. இத்தனை பழத்தையும் நாசமாக்குகிறோமே என்று பயமாகத்தான் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நல்லவளாக இருந்து பார்த்தாகிவிட்டது.

மத்தியானம் லுஹருக்கு பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து தொழுதார். நானும் அங்கேயே தொழுதேன். இனி வண்டி கிளம்பாவிட்டால் சந்தையைப் பிடிக்க முடியாது. அவர் வந்து என் எதிரே நின்றார். முகம் வாடியிருந்தது. கடைசியாகக் கேட்கிறேன் என்பது மாதிரிக் கேட்டார்.

"உனக்கு என்னதான் குறை புள்ள? நல்லாத்தானே இருக்கே?"

"நானும் கெட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். உங்க கண்ணுக்குத்தான் தெரியல."

சொல்லும்போது அழக்கூடாது என்று காலையிலிருந்தே தீர்மானம் செய்து வைத்திருந்தேன். அழுதுவிட்டேன். கோபத்திலும் அழுகை வரும், அது வேறு ரகம். இது அது இல்லை.

அவர் கொல்லைப் பக்கம் போனார். பூட்டை உடைக்க ஆசாரியைக் கூட்டிவரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உடைத்தால் உடைக்கட்டும், அப்புறம் இந்த வீட்டில் அவருக்கு என்ன வேலை என்று மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன். கொல்லை வாசலில் அவர் குரல் கேட்டது.

"ஏலே மலையாண்டி, வண்டிய அவுத்துரு. நாளைக்கு வா."

பழத்தை என்ன செய்வது என்று மலையாண்டி கேட்டான். பழம் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் பெருநாளைக்குக் கீழக்கரை முழுவதும் புள்ளி விழுந்த பழம் தின்றது. வாவு முகம்மது ஹாஜியார் ஆளனுப்பி, ஹமீதுக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்டார். புள்ளி விழுந்தால் இனிப்பு ஏறியிருக்கும் என்று இவர் பதில் சொல்லியனுப்பினார். சில வீடுகளில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் நான்கைந்து பெரிய வீடுகள் வேறு கடைக்குப் போய்விட்டன, அப்புறம் திரும்பி வரவும் இல்லை. பெண்கள் சிலர் என்னிடம் வந்து, கறுத்த பழத்தில் பணியாரம் செய்கிற பக்குவத்தை மறுபடியும் கேட்டுக்கொண்டு போனார்கள். ஊர் ஒரு நாள் தின்றதை நான் பன்னிரண்டு வருஷம் தின்றிருக்கிறேன் என்பதால் எனக்கு யார் மேலும் இரக்கம் வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. முந்தின நாள் மஃரிபைச் சொல்ல வேண்டும்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு அவர் எங்கும் போகவில்லை. வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. முற்றத்தில் நடந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், நான் கஞ்சிக்குக் கருவேப்பிலை உருவுவதை நின்று பார்த்தார். இந்த வீட்டில் மாலை வெயில் தூணின் பாதி வரைக்கும் வரும் என்பது இவ்வளவு நாள் தெரியாது என்றார். பொழுது சாயும் நேரத்தில் பாயை விரித்து, கஞ்சியும் தண்ணீரும் எடுத்து வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். நீங்களே போய் எடுத்து வாருங்கள் என்றேன்.

பூட்டைத் திறந்து உள்ளே போனார். போனவர் வரவில்லை. பாங்குக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டேன். எழுந்துபோய் அறை வாசலில் நின்று பார்த்தேன். அறை நடுவில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"எதை எடுக்கிறதுன்னு தெரியல புள்ள. எல்லாம் நல்லா இருக்கு."

நான் கைக்கு எட்டிய தாரில் ஒரு சீப்பைக் காட்டினேன். அறுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். பாங்கு சொன்னார்கள். பிஸ்மி சொல்லித் தண்ணீர் குடித்தோம். நான் ஒரு பழத்தை உரித்து வாயில் வைத்தேன். அதன் ருசியை இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் தின்றிருப்பீர்கள்.

அவர் ஒரு பழத்தைக் கையில் எடுத்து, மடியிலிருந்து கத்தியையும் எடுத்தார். பழத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கன்றினது எது, வெட்டி எறிய வேண்டியது எது என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தேடினது கிடைக்காமல் கத்தியைக் கீழே வைத்தார். உரித்து, கொஞ்சம் கடித்து, மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது இப்புடித்தான் இருக்குமா?" என்றார்.

என்ன கேள்வி இது, இத்தனை வருஷம் இதைத்தானே விற்கிறீர்கள் என்றேன். விற்கிறேன், தின்றதில்லை என்றார். நான் நம்பவில்லை. கடையில் தினமும் எதை வைத்து நோன்பு திறந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ரொம்ப சாதாரணமாக, என்ன விலை என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"வீட்டுக்குக் கொடுத்துவிட முடியாததா கொஞ்சம் கிடக்கும்ல. உனக்கு அனுப்புற அளவுக்கு நல்லா இல்லாதது."

பன்னிரண்டு வருஷமாக ஊரிலேயே மோசமான பழம் என் வீட்டுக்கு வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் பொறுக்கி எடுத்துத்தான் எனக்கு வந்திருக்கிறது. இவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கோபம் நியாயமானதுதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் எதிரே உட்கார்ந்து, முதல் பழத்தைத் தீர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து கடிக்கிற மனிதர் மேல் அதைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

சீப்பிலிருந்து இன்னொன்றைப் பிய்த்து உரித்து அவர் கையில் வைத்தேன். உனக்கு என்றார். எனக்கு இருக்கிறது என்றேன். அந்தப் பழத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பார்க்காம தின்னுங்க மச்சான்" என்றேன். "உள்ள நெறைய கிடக்கு."